கறுப்புச் சிலுவைச் சீட்டு

பெத்ரோபாவல்
14 செப்டம்பர் 2003

அன்புள்ள காப்பா அக்காவுக்கு, தங்கை ரயீசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் நலம். நீயும் வார்யாவும் நலமாக இருக்கிறீர்களா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கரகோலில் ஆப்பிள் பறிப்பு முடிந்துவிட்டதா?

கோடையில் நான் அனுப்பிய வாழ்த்து அட்டைக்குப் பதில் வரவில்லை. பதினான்கு வருடம் ஒரு வரி எழுதாதவள் திடீரென்று பூப்போட்ட அட்டை அனுப்பினால், நானாக இருந்தாலும் அடுப்பில்தான் போட்டிருப்பேன். அதனால் கோபமில்லை.

குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை. பூசைக்கான அப்பத்துக்கு மாவு பிசைகிறேன். போன சனிக்கிழமை, என் நாற்பதாவது வயதில், முதல் முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவங்களை எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நாலு வயதுப் பிள்ளையை உன்னிடம் விட்டு, மூன்றே நாளில் வந்துவிடுவேன் என்று பொய் சொல்லி லாரிக்காரனோடு போனதுதான் முதல் பக்கம். மற்ற ஏழு பக்கத்தை உனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டார். தன் நீண்ட பூசைக் கழுத்துப்பட்டையை என் தலைமேல் போட்டு, கையை வைத்து மன்னிப்புச் செபம் சொன்னார். பிறகு எட்டுப் பக்கத்தையும் கிழித்தார். கோயில் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன் அக்கா. எழுந்தபோது முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

உன்னிடமும் கேட்கச் சொன்னார். பெரிய நோன்புக்கு முன் வரும் மன்னிப்பு ஞாயிறு வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. என்னை மன்னித்துவிடு.

வார்யாவின் படம் ஒன்று அனுப்புவாயா? மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றில் கொஞ்சம் வலி, மாவு மூட்டை தூக்கியதால் இருக்கும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.
ரயீசா


கரகோல்
6 அக்டோபர் 2003

ரயீசாவுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஆப்பிள் முடிந்தது.

எட்டுப் பக்கம் எழுதினாய், ஒரு மணி நேரம் அழுதாய், கணக்குத் தீர்ந்தது. நல்ல ஏற்பாடுதான். நான் இங்கே நம் மரக்கோயிலில் பதினைந்து வருடமாக மெழுகுவர்த்தி விற்கும் மேசையில் நிற்கிறேன். மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம். என் காகிதத்தில் என்ன இருக்கும் தெரியுமா? நோன்பில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். செபத்தில் கொட்டாவி விட்டேன். கிளேப் சாமியார் "சரி காப்பா" என்று கிழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. எங்கே அழுவது? உன் பிள்ளைக்குத் தட்டம்மை வந்தது, காலை ஒடித்துக்கொண்டாள், கணக்குப் பாடத்தில் மூன்று தடவை தோற்றாள். எனக்குப் பார்த்த ஒரே வரனும், கூடவே ஒரு குழந்தை வருகிறது என்று தெரிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாவம் செய்யக்கூட நேரம் கிடைக்காதவள் நான்.

என் வேலை என்னவென்றும் தெரிந்துகொள். வருகிறவர்கள் பெயர் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளை வாங்கிப் பீடத்துக்கு அனுப்ப வேண்டும். சிவப்புச் சிலுவை போட்டது உயிரோடிருப்பவர்களுக்கு. கறுப்புச் சிலுவை போட்டது இறந்தவர்களுக்கு. போன வாரம் ஒரு மருமகள், கல்லுக்குண்டாக இருக்கிற மாமியாரின் பெயரைக் கறுப்பில் எழுதி நீட்டினாள். செத்தவர்களோடு சேர்த்துப் படித்தால் கிழவி சீக்கிரம் போய்ச் சேருவாளாம்! "ஏண்டி, இது கோயிலா, சூனியக்காரி வீடா?" என்று சீட்டைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

உன் பெயரை இந்தப் பதினான்கு வருடமும் நான் இரண்டிலும் எழுதியதில்லை. எதில் எழுதுவது என்று தெரியவில்லை.

படம் அனுப்பவில்லை. வார்யாவுக்குப் பதினெட்டு வயதாகிறது, அவளே முடிவு செய்யட்டும். அவள் என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். அது உன் காதில் விழுந்திருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: கடவுள் மன்னிப்பார்.

குளிர் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.
கபிதோலினா


பெத்ரோபாவல்
2 நவம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை மாவுக் கையோடு பிரித்தேன், பாதி எழுத்து வெள்ளையாகிவிட்டது. திட்டெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. காப்பா என்று போடாமல் முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருப்பதும் தெரிந்தது.

நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அந்த வரன் விஷயம் எனக்குத் தெரியாது. அதையும் என் காகிதத்தில் சேர்த்துக்கொண்டேன்.

பதிலில் பாதிதான் வந்திருக்கிறது. "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்று சொல்வதுதானே நம் வழக்கம்? பரவாயில்லை அக்கா. மீதிப் பாதியை நான் கேட்டு வாங்கக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வார்யாவை இங்கே அனுப்புவாயா? ஜனவரி பத்தாம் தேதி ரயிலேற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லாதே. இந்த வருடமே அனுப்பு.

உனக்காக ஒவ்வொரு அப்பத்திலும் ஒரு பிடி செபம் சேர்த்துப் பிசைகிறேன்.
ரயீசா


கரகோல்
25 நவம்பர் 2003

ரயீசாவுக்கு,

நலம். பனி முழங்கால் உயரம் கிடக்கிறது.

உன் கடிதத்தை ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். மாவுக் கறை காட்டிக் கொடுத்துவிட்டது. வார்யா கேட்டாள், கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். நான் நூலைக் கோக்கிற மாதிரி ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகவாம்மா?" என்றாள்.

"என்னை எதுக்குக் கேக்கறே? அவதானே உன்னைப் பெத்தவ."

"நீ வேண்டாம்னா போகலை."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள், ஆனால் தினமும் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். டிசம்பர் பதினாறு கிளம்புகிறாள். கம்பளிக் காலுறை நாலு ஜோடி வைத்திருக்கிறேன். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். இதெல்லாம் உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அந்த ஒரு மணி நேர அழுகைக்குப் பிறகு உடம்பு லேசானது என்றாயே. அது எத்தனை நாள் இருந்தது? சும்மா கேட்கிறேன்.

ஜனவரி பத்து என்றால் பத்து.
கபிதோலினா


பெத்ரோபாவல்
23 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு, கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

வார்யா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். என்ன வளர்த்தி! நம் அப்பாவின் நெற்றி. நீ கொடுத்தனுப்பிய ஆப்ரிகாட் பழ வற்றலை மடத்தில் எல்லாருக்கும் பங்கு வைத்தோம்.

உடம்பு லேசான அந்த உணர்வு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டிருந்தாய். இன்னும் அப்படியே இருக்கிறது அக்கா. சில நாள் பழைய நினைப்பு வந்து பயமுறுத்துகிறது. ஆனால் காகிதம் கிழிந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

முதல் இரண்டு நாள் வார்யா என்னை "நீங்க" என்றாள். ஒழுங்காக முகம் பார்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாவு பிசைய வந்து நின்றாள். பிசைந்துகொண்டே, "அம்மா, உப்பு எங்க இருக்கு?" என்றாள். உப்பு டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இங்குள்ள செவிலியர் பள்ளியைப் போய்ப் பார்த்தாள். பிடித்துவிட்டதாம்.

அன்புடன்,
ரயீசா


கரகோல்
8 ஜனவரி 2004

அன்புள்ள தங்கை ரயீசாவுக்கு,

நேற்றுத்தான், நம் ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, உன் கடிதம் கிடைத்தது. கிறிஸ்து பிறந்தார். நான் நலம். பண்டிகை நன்றாக முடிந்தது. கோழி சமைத்தேன், ஒருத்திக்கு அது அதிகம்.

வார்யா விருப்பப்பட்ட நாள் வரை அங்கேயே இருக்கட்டும். பத்தாம் தேதி என்று நான் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இன்றிலிருந்து கோயிலில் நாற்பது நாள் தொடர் செபத்துக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கிளேப் சாமியார் தினமும் படிப்பார்.

அக்கா,
கபிதோலினா


பெத்ரோபாவல்
24 ஜனவரி 2004

என் அன்பான அக்காவுக்கு,

என் பெயரை நாற்பது நாள் படிக்கக் கொடுத்தாயா! பதினான்கு வருடம் எந்தச் சீட்டிலும் எழுதாத பெயர் அல்லவா? கடிதத்தைச் சமையல்கட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "எங்க அக்கா எனக்காகச் சொல்லியிருக்கா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எண்பது வயது அன்ஃபீசா கன்னியாஸ்திரிகூட, "போதும்டி, மாவைப் பாரு" என்று அதட்டிவிட்டார்.

வார்யா இன்னும் சில வாரம் இருக்கட்டுமா? எனக்கு ஒத்தாசையாக இருக்கிறாள். கொஞ்சம் உடம்பு முடியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை.

நீ செய்ததை நான் மறக்க மாட்டேன்.
உன் ரயீசா


பெத்ரோபாவல்
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அம்மாவுக்கு, வார்யா எழுதுவது.

நான் நலம், தொண்டை கட்டவில்லை, காலுறை போட்டுக்கொள்கிறேன்.

ரயீசா அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பிழைப்பார்களா என்று கேட்டதற்கு மருத்துவர் தோளைக் குலுக்கினார். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா.

அவர்கள் கொஞ்சமும் பயப்படவில்லை. "கரகோல்ல என் பேரைத் தினம் படிக்கறாங்க, எனக்கென்ன" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமை அடிக்கிறார்கள். நாற்பது நாள் முடிந்தாலும் நிறுத்திவிடாதே அம்மா. இன்னொரு நாற்பதுக்குக் கொடு.

உன் மகள்,
வார்யா


கரகோல்
22 பிப்ரவரி 2004, மன்னிப்பு ஞாயிறு

ரயீசா,

நீ உயிரோடிருக்கிறாயா? எல்லாரையும் போல நலம் விசாரித்து எழுதத் தொடங்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. இதை நீ படிக்கிறாயா, வார்யா தனியாகப் படிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. யார் படித்தாலும் படிக்கட்டும்.

உன் பெயரைக் கறுப்புச் சிலுவைச் சீட்டில் எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. மேசைக்கு யாரும் வரவில்லை. உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. "அம்மா, உப்பு எங்க இருக்கு?" அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பதினான்கு வருடம் சம்பாதித்ததை நீ மூன்று நாளில் உப்பு டப்பாவோடு வாங்கிக்கொண்டாய். கடவுளும் உன் பக்கம், பிள்ளையும் உன் பக்கம். எட்டுப் பக்கம் பாவம் செய்தவளுக்குக் கண்ணீர் வருகிறது, உடம்பு லேசாகிறது. தரை துடைத்துத் துடைத்துக் கை வெடித்தவளுக்கு ஒன்றுமில்லை. கறுப்புச் சீட்டை எடுத்து "ரயீசா" என்று எழுதினேன். அப்படியே பீடத்துக்கு அனுப்பினேன்.

கிளேப் சாமியாருக்கு நீ யாரென்று தெரியாது. செத்தவர்களின் வரிசையில் உன் பெயரைப் படித்தார். நான் தினமும் தூணோரம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கேட்க எனக்குச் சுகமாக இருந்தது ரயீசா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வார்யாவின் கடிதம் வந்தது. பனியில் செருப்போடு ஓடினேன். சாமியார் கோயில் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். காகிதம் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. அங்கேயே மண்டி போட்டு, "என் தங்கச்சியைக் கொன்னுட்டேன் சாமி" என்றேன்.

உள்ளே கூட்டிப்போய் முழுதும் கேட்டார். நான் பயந்த மாதிரி கத்தவில்லை.

"சீட்டு மாறிப்போச்சுன்னு ஆளை எடுத்துட்டுப் போறதுக்குக் கடவுள் என்ன கிராமத்துத் தபால்காரரா? சீட்டால யாரும் சாகறதில்ல. ஆனா அவ சாகணும்னு நீ நாப்பது நாள் ஆசைப்பட்டே. அதுக்குத்தான் மண்டி போடணும்."

"எனக்கு மன்னிப்பு உண்டா சாமி?"

"பதினஞ்சு வருசமா வெண்ணெய், கொட்டாவின்னு எழுதிட்டு வந்தே காப்பா. நானும் கிழிச்சுப் போட்டேன். இன்னிக்குத்தான் நீ பாவசங்கீர்த்தனத்துக்கே வந்திருக்கே."

கழுத்துப்பட்டை தலைமேல் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குப் படியில் வந்தது, எனக்குத் தரையில். மூக்கு ஒழுக, மாலைப் பூசைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தி மேசைக்காரி காப்பா அழுதாள். உன்னைப் போல லேசாகவெல்லாம் ஆகவில்லை. உனக்கு எழுதி முடிக்கிற வரை ஆகாது என்று சாமியார் சொன்னார். நாளை மறுநாளிலிருந்து நாற்பது நாள் உன் பெயரை என் கையாலேயே சிவப்புச் சீட்டில் எழுத வேண்டும் என்பது அவர் கொடுத்த பரிகாரம்.

இன்று மாலை எல்லாரும் ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டோம். மாமியார் பெயரைக் கறுப்பில் எழுதிய அந்த மருமகளும் வந்திருந்தாள். அவளுக்குத்தான் நான் மிக நன்றாகக் குனிந்தேன். நான் குனிய வேண்டிய ஆள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் படுத்திருக்கிறாள்.

என்னை மன்னித்துவிடு ரயீசா. செத்துப்போய்விடாதே.

உன் அக்கா,
காப்பா


பெத்ரோபாவல்
20 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடிருக்கிறேன். நலம் என்று எழுத இன்னும் கொஞ்சம் தெம்பு வர வேண்டும். கை நடுங்குவதால் எழுத்து கோணல், பொறுத்துக்கொள். கட்டியை எடுத்துவிட்டார்கள். திரும்ப வருமா என்பது ஆறு மாதத்தில் தெரியும் என்கிறார்கள்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் படித்தபோது கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதென்றால், வார்யாவிடம், "இனிமே உங்கம்மாவுக்கு எழுத மாட்டேன்" என்றேன். கட்டில்காரியிடம் அடித்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்து மானம் போயிற்று. இரண்டாம் வாரம்தான் சிரிப்பு வந்தது. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

நான் ஒன்றை உன்னிடமிருந்து மறைத்தேன். கட்டி இருப்பது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். அந்தப் பயத்தில்தான் பாவசங்கீர்த்தனத்துக்கே போனேன். அதனால்தான் பிள்ளையை இந்த வருடமே அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தினேன். சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு அனுப்பியிருப்பாய். பரிதாபம் வேண்டாம் என்று திமிர். ஆக, உன் சீட்டுக்கு அஞ்சு மாதம் முன்னாலேயே கட்டி இருந்தது. நீ என்னைக் கொல்லவில்லை.

சீட்டும் தப்பில்லை அக்கா. பிள்ளையை விட்டுவிட்டு, குடித்துக்கொண்டு, பெயர் தெரியாத ஊர்களில் கிடந்தவள் செத்தவள் இல்லாமல் வேறென்ன? அவளுக்காக யாருமே செபித்ததில்லை. நீதான் நாற்பது நாள் படிக்க வைத்தாய்.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு தாளில் வார்யாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "தாயின் பெயர்" என்ற இடத்தில் அவள் கை பழக்கத்தில் "கபிதோலினா" என்று எழுதிவிட்டது. "படுத்திருக்கறது ரயீசா, நீ கபிதோலினா மகள்ங்கற, அப்போ நீ யாரு இவளுக்கு?" என்று ஆஸ்பத்திரிக்காரி சத்தம் போட்டாள். வார்யா அழித்து எழுதவில்லை. "ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டாள். நான் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்டேன். எனக்கு அப்போது உன்மேல் எவ்வளவு பொறாமையாக இருந்தது தெரியுமா?

கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிக்கிறேன்.

வார்யா செப்டம்பரில் இங்கே செவிலியர் பள்ளியில் சேர விரும்புகிறாள். உன்னிடம் கேட்கப் பயப்படுகிறாள். ஈஸ்டருக்குப் பிறகு நாங்கள் இருவரும் கரகோலுக்கு வரலாமா?

உன் தங்கை,
ரயீசா


கரகோல்
4 ஏப்ரல் 2004, குருத்து ஞாயிறு

அன்புள்ள ரயீசாவுக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் தபால் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. மாவு மூட்டைப் பக்கம் போனாய் என்று கேள்விப்பட்டால் அங்கேயே வந்து உதைப்பேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. மன்னிப்பதிலும் நீயே முந்திக்கொண்டாய், அதுவும் இரண்டு பாதியையும் சேர்த்து. அதற்கும் வயிறு எரிந்தது. சாமியாரிடம் சொன்னேன். "அடுத்த காகிதத்துல எழுது" என்றார். இப்போது என் காகிதத்தில் வெண்ணெய்க்கு இடமில்லை.

செப்டம்பரில் நீ கேட்டதற்கு நான் பாதிதான் அனுப்பினேன். மீதி இதோ: நானும் மன்னிக்கிறேன். எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

வார்யாவை அங்கே படிக்கச் சொல். நான் அழுவேன், ஆனால் சொல். இரண்டு பேரும் வாருங்கள். பின்கட்டில் வெயில் படும் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். உப்பு அலமாரியில் இடது பக்கம் இருக்கிறது. வந்ததும் கேட்டுத் தொலைக்காதே.

நேற்றோடு சிவப்புச் சீட்டில் நாற்பது நாள் முடிந்தது. முதல் வாரம் உன் பெயரை எழுதப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று காலை குருத்துக் கிளை வாங்கும் கூட்டம் குறைந்ததும், யாரும் சொல்லாமல் நானே ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தேன். ரயீசா என்று எழுதினேன். நம் வார்யாவை வர்வாரா என்று முழுப்பெயரில் எழுதினேன். அதற்குக் கீழே, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, கபிதோலினா என்றும் எழுதிக் கொடுத்தேன்.

அக்கா